எட்டரை மணிக் கணக்கு

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து உதய தேவி புறப்பட்டபோது நல்ல மழை. ஜூன் மாதம், தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை நனைத்துக்கொண்டிருக்கும் காலம். மஹோ வரும்வரை சன்னலைத் திறக்க முடியவில்லை. கல்லோயாச் சந்தியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருகோணமலைக்கு, இன்னொன்று மட்டக்களப்புக்கு. அங்கே வண்டி நின்றபோது நடைமேடை காய்ந்து கிடந்தது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து வெலிகந்தை, புனானை என்று போகப்போகக் காற்றில் ஈரமே இல்லாமல் போயிற்று. உதடு வறண்டது. காலையில் குடையோடு ஏறியவர்கள் பிற்பகலில் அதே குடையை வெயிலுக்கு விரித்தபடி மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கினார்கள்.

இலங்கைப் புவியியல் நூல்கள் நாட்டை மழையை வைத்து மூன்றாகப் பிரிக்கின்றன. ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் ஈர வலயம். 1750க்குக் கீழே என்றால் உலர் வலயம். நடுவில் இருப்பது இடை வலயம். மட்டக்களப்பின் ஆண்டுச் சராசரி சுமார் 1650 மில்லிமீட்டர் என்பதால் அது உலர் வலயத்தில் சேர்கிறது. நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். எங்களைப் போல இரண்டு பங்கு மழை வாங்கும் ஊரை வறண்ட ஊர் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசனை வந்தது. அங்கே மழையையும் வெயிலையும் எப்படி அளக்கிறார்கள், அளந்ததை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் கல்லடிக்குக் கிளம்பினேன்.

மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடி ஒரு மெல்லிய நிலத்துண்டு. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே மட்டக்களப்பு வாவி. வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. வாவி என்பது எழுத்தில்தான். ஊரில் எல்லோருக்கும் அது ஆறு. நகரத்தையும் கல்லடியையும் இணைப்பது 1924இல் கட்டிய இரும்புப் பாலம். அப்போதைய ஆளுநர் மேனிங்கின் மனைவி பெயரால் லேடி மேனிங் பாலம் என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய உதவியுடன் பக்கத்திலேயே கட்டிய அகலமான புதுப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பேருந்தும் லாரியும் அதில் போய்விடுவதால் பழைய பாலம் நடப்பவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் வாய்த்திருக்கிறது.

பாடும் மீனைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பாலத்தை யாரும் கடப்பதில்லை. வெயில் காலத்தில், காற்று அடங்கிய நிலவு இரவுகளில், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் அந்தப் பாட்டு கேட்கும் என்கிறார்கள். மாரியில் கேட்காதாம். வெள்ளம் கலங்கி ஓடும்போது எந்த ஓசைக்கும் இடமில்லை. இந்த ஊரில் பாட்டுக்குக்கூட மழைக் கணக்கு உண்டு.

நண்பகலில் பாலத்தில் நின்றபோது காற்று மேற்கிலிருந்து, வாவிக்கு மேலாக அடித்துக்கொண்டிருந்தது. நீர்ப்பரப்பைக் கடந்து வந்தும் அதில் குளிர்ச்சி இல்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, வெளியூரோ? இந்த நேரத்தில இதுல நிக்கப்படாது. கச்சான் காத்து, மண்டையைப் புடிச்சிரும்" என்றார்.

"எப்போ ஐயா அடங்கும்?"

"கடல்காத்து கெலிச்சா அடங்கும். சில நாளையில மூணு மணிக்கே கெலிச்சிரும். சில நாளையில பொழுதுபட்டாலும் கெலிக்காது. மறுகா ராவைக்கும் வேர்வைதான்."

அவர் இரண்டு வரியில் சொன்னதற்குள் இந்தக் கரையின் கோடை முழுவதும் அடங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நிறைய ஈரத்தோடு வந்து தீவின் நடுமலையில் மோதுகிறது. மேலேறும்போது குளிர்ந்து, சுமையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளை போன்ற மலையூர்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வது அதனால்தான். சுமை இறக்கிய காற்று மலையின் கிழக்குப் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஃபோன் என்று அழைக்கும் காற்றும் இதே வகைதான். அங்கே அது பனியை உருக்கும். இங்கே கச்சான் என்ற பெயரில் குளத்தையும் வயலையும் காயவைக்கும். வட்டவளையில் மழை கொட்டுகிற அதே நாளில், அதே காற்று கல்லடியில் துணியை அரைமணி நேரத்தில் உலர்த்துகிறது.

சூரியனின் கணக்கு மட்டும் என்றால் இங்கே ஏப்ரல்தான் கொதிக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 5இலிருந்து 14 வரை இலங்கையின் எந்த ஊருக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். பத்திரிகைகள் பட்டியல் போடும். ஆனால் கல்லடிப் பக்கத்தில் ஏப்ரலைவிட ஜூன் மாதத்துப் பகல் உச்சம்தான் சராசரியில் இரண்டு பாகை அளவுக்குக் கூடுதல். 33, 34 பாகையைத் தொடுகிறது. வித்தியாசம் கச்சானுடையது. இதே கரையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் உச்சம் 28 பாகையைத் தாண்டினால் அதிகம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க முன்கூட்டியே கேட்டு, பாலத்துக்கு மேற்கே நகரப் பக்கத்திலுள்ள வானிலை நிலையத்துக்குப் போனேன். புல்தரை, கம்பிவேலி, அதற்குள் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. சுற்றிலும் சாய்வான பலகை இடுக்குகள். காற்று போய்வரும், வெயில் உள்ளே விழாது. ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. உலகமெங்கும் வானிலை அறிக்கையில் நாம் படிக்கும் வெப்பநிலை என்பது இந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிழலின் வெப்பநிலை. தார்ச்சாலையின் சூடும் நம் தலையில் விழும் வெயிலும் அந்த எண்ணில் சேராது. எங்கள் பக்கத்துப் பாம்பனிலும் மட்டக்களப்பிலும் நார்வேயிலும் ஒரே விதமான நிழல் என்பதால்தான் மூன்றையும் ஒப்பிட முடிகிறது.

பெட்டியின் கதவு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வடக்கே வைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் கவலையில்லை. மட்டக்களப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால்தான் வெப்பமண்டல நாடுகளில் இரண்டு பக்கமும் கதவு வைத்து, காலத்துக்கேற்ப ஒன்றைத் திறப்பது நல்லது என்கிறார்கள்.

உள்ளே நான்கு வெப்பமானிகள். உச்ச வெப்பமானியில் பாதரசம் ஏறும் வழியில் ஒரு நெருக்கம் இருக்கும். சூடேறினால் பாதரசம் அதைத் தாண்டிப் போகும், குளிர்ந்தால் திரும்பி வராது. அன்றைய அதிகபட்சம் அப்படியே நிற்கும். குறித்துக்கொண்டு உதறி இறக்க வேண்டும். இழிவு வெப்பமானியில் இருப்பது ஆல்கஹால். அதற்குள் மிதக்கும் சிறு குறிமுள்ளை அது கீழே இழுத்துச் சென்று விடியற்காலைக் குளிரின் எல்லையில் விட்டுவிடும். மற்ற இரண்டில் ஒன்று உலர் குமிழ், மற்றது ஈரத்துணி சுற்றிய குமிழ். காற்று காய்ந்திருந்தால் துணியின் ஈரம் விரைவாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிர்விக்கும். இரண்டு அளவுகளுக்கும் இடைவெளி கூடும். கச்சான் அடிக்கிறதா, கடல்காற்று ஜெயித்துவிட்டதா என்பதை வெளியே தலையை நீட்டாமல் இந்த இடைவெளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரியவர் உடம்பால் அறிந்ததை இது எண்ணாகச் சொல்கிறது. பாதரசத்தைக் கைவிடச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. மின்னணு உணரிகளும் தானியங்கி நிலையங்களும் எங்கும் பரவுகின்றன. ஆனாலும் பழைய கருவியையும் புதியதையும் சில காலம் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் கருவி மாறியதைப் பருவம் மாறியது என்று படித்துவிடுவார்கள்.

மழைமானி எல்லாவற்றையும்விட எளிமையானது. வாய் விளிம்பு கூர்மையான உருளை, புனல், உள்ளே சேகரிக்கும் கலன், பக்கத்தில் கோடு போட்ட அளவுக் கண்ணாடி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் விழுந்தது நான்கு லட்சம் லிட்டர். காலை எட்டரைக்கு அலுவலர் கலனை எடுத்து ஊற்றி அளந்து ஏட்டில் எழுதுகிறார். ஜூன் மாதமாதலால் கலனில் ஒன்றுமில்லை. இருந்தும் திறந்து பார்த்துச் சுழியம் எழுதினார்.

"ஒன்றுமில்லை என்று தெரிந்தும் திறக்க வேண்டுமா?" என்றேன்.

"எழுதாமல் விட்டால் அது விடுபட்ட நாள். சுழியம் என்றால் மழை இல்லாத நாள். இரண்டும் ஒன்றல்லவே" என்றார்.

இந்த எட்டரை மணிக்கு ஒரு விசேஷம். உலக நேரப்படி அது அதிகாலை 3 மணி. இந்தியாவும் இலங்கையும் ஒரே கடிகாரத்தில் இருப்பதால், பாம்பன் வானிலை நிலையத்தில் மழை அளக்கும் அதே நிமிடத்தில்தான் இங்கேயும் அளக்கிறார்கள். இந்த ஊரில் பதிவு தொடங்கியதும் நேற்றல்ல. 1860களின் இறுதியில் ஆங்கிலேய அரசு இலங்கையில் ஒழுங்காக வானிலை பதியத் தொடங்கியபோதே கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலையோடு மட்டக்களப்பும் பட்டியலில் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நீளும் ஏடு. இடையில் இரண்டு உலகப் போர்கள், ஒரு பெரும்புயல், கால் நூற்றாண்டு தாண்டிய உள்நாட்டுப் போர், ஆழிப்பேரலை.

அந்த ஏட்டின் மாதச் சராசரியைப் பார்த்தபோது என் சிரிப்புக்குப் பதில் கிடைத்தது. நவம்பரில் சுமார் 350 மில்லிமீட்டர், டிசம்பரில் 400க்கு மேல். ஜூனில் 25ஐ ஒட்டித்தான். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரையான ஏழு மாதங்களின் மழையை மொத்தமாகக் கூட்டினாலும் டிசம்பர் ஒரு மாதத்தை எட்டாது. அந்த ஏழு மாதத்தில் கச்சானும் உண்டு. வாவியின் பரப்பு சுமார் 140 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் அதிலிருந்து மட்டும் தினமும் 70 கோடி லிட்டர் வானத்துக்குப் போகிறது. 1650 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி எந்த முடிவும் எடுக்க முடியாது.

அடுத்து உன்னிச்சைக் குளத்துக்குப் போனேன். வாவியைக் கடந்து படுவான்கரையில் கால் வைத்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. கடற்கரை மணலும் தென்னையும் போய், வயலும் பற்றைக் காடும், தூரத்தில் தனித்தனிப் பாறைக் குன்றுகளும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்று இந்த மாவட்டத்தின் சோறு இந்தக் குளங்களில்தான் இருக்கிறது. மழையைக் குளத்தில் பிடித்து வைத்து வெயில் காலத்துக்குக் கொண்டுபோகும் கலை எங்கள் ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கும் இந்தக் குளங்களுக்கும் பொது.

இங்கே நெல்லுக்கு இரண்டு போகம். பெரும்போகம் மாரி மழையை நம்பியது: புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைப்பு, தை மாசியில் அறுவடை. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. குளம் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு ஏக்கர்தான். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல அலுவலர்கள், விவசாயிகள் எல்லோரும் உட்கார்ந்து எத்தனை ஏக்கர், எந்தத் தேதி மடை திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பது, எந்த நாளில் தண்ணீரை நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். குளக்கட்டிலுள்ள அளவுக்கோலும் மழைமானியின் ஏடும் அங்கேதான் பேசத் தொடங்கும்.

குளக்கட்டில் வட்டை விதானையார் ஒருவரைச் சந்தித்தேன். ஒரு வயல்வெளிக்கு நீர் பங்கிடும் பொறுப்பு அவருடையது. போன மாரி எப்படி என்று கேட்டேன்.

"மொத்தமாப் பாத்தா நல்ல மழைதான் தம்பி. விதைச்சு இருபதாம் நாள் பயிர் வெள்ளத்துல தாண்டு போச்சு. மறுகா நாலு கிழமை வானம் திறக்கல்ல. கதிர் முத்தி வெட்டுறதுக்கு நிக்கக்குள்ள திரும்பவும் அடிச்சு ஊத்திச்சு. கணக்குல நல்ல வருசம்."

அவர் குரலில் கோபமில்லை. ஆனால் 'கணக்குல' என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார். பெரும்போகத்துக்கு எப்போது முதல் மழை, நடுவில் எத்தனை நாள் இடைவெளி, கடைசி மழை எப்போது என்ற மூன்றும் வேண்டும். மாதச் சராசரியில் இந்த மூன்றுமே மறைந்துபோகும். நாள்தோறும் எழுதிய ஏட்டில்தான் இருக்கும். சிறுபோகத்துக்கு வெப்பநிலையும் இப்படித்தான். நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகும். ஜூன், ஜூலையில் கச்சான் உச்சத்தில் இருக்கும்போது பயிர் பூக்காதபடி விதைப்பு நாளைத் தள்ளிவைக்கவும் முந்திவைக்கவும் சராசரி 33 என்பது உதவாது. எத்தனை நாள், எந்த வாரத்தில் 35ஐத் தாண்டியது என்பதே கேள்வி.

கண்ணகியம்மன் சடங்கு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்த சினம் தணிய அம்மனைக் குளிரவைப்பது. கச்சான் தொடங்கும் பருவத்தில் நிகழ்வது. மழை பொய்த்தால் மழைக்காவியம் பாடுவதும், ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புமுறி விளையாடுவதும் இந்தக் கரையின் வழக்கம். சடங்கின் நாளைப் பார்த்தாலே காற்று எப்போது திரும்பும் என்று இந்த ஊருக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்பது விளங்கும். ஆனால் சடங்கு சொல்வது ஆண்டுதோறும் வருவதை. இந்த ஆண்டு எப்படி மாறியது என்று சொல்வது ஏடு மட்டுமே.

திரும்பி எழுவான்கரைக்கு வந்து, வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்துக்குப் போனேன். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. கோடையில் ஆற்றின் வேகம் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் ஏறும்போது மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குள் விட வேண்டியிருக்கும். தெற்கே கல்லாற்றிலும் இதே வேலை உண்டு. எப்போது வெட்டுவது என்பது ஒவ்வொரு ஆண்டும் வரும் வழக்கு. படுவான்கரையில் வயல் மூழ்கிக் கிடக்கும் விவசாயி இன்றே வெட்டு என்பார். இறால் பிடிப்பவர் பொறுத்திருக்கச் சொல்வார். ஒரேயடியாகத் திறந்தால் இறாலும் குஞ்சு மீனும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும், தண்ணீரின் உப்பும் தலைகீழாக மாறும். இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவு தண்ணீர் வரப்போகிறது என்ற கணக்கு.

அந்தக் கணக்கு கல்லடியில் இல்லை. வாவிக்குள் வரும் வெள்ளத்தில் பெரும்பகுதி மேற்கே, அம்பாறை மாவட்டத்து மகா ஓயாப் பக்கத்துக் காடுகளிலும் குன்றுகளிலும் பெய்தது. கடற்கரையில் வானம் வெளுத்திருக்கும்போதே கிரான் புலிபாய்ந்தகல் வீதிக்கு மேல் தண்ணீர் ஓடிப் போக்குவரத்து தோணிக்கு மாறிவிடுவதுண்டு. ஒரு நகரத்தில் இருக்கும் ஒரு மழைமானி, எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும், அந்த வாயளவு இடத்துக்குத்தான் சாட்சி. இடைப்பருவத்து இடிமழையோ ஓர் ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். குளக்கட்டில், பள்ளிக்கூடத்தில், தோட்டத்தில் என்று நிறைய மழைமானிகள் இருந்தால்தான் ஆற்றுக்கு எவ்வளவு வரும் என்று முதல் நாளே சொல்ல முடியும்.

2011 ஜனவரியை இங்கே யாரும் மறக்கவில்லை. கிழக்கு மாகாணத்தை மையமாக வைத்து வந்த அந்த வெள்ளத்தில் நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அறுவடைக்கு நின்ற பெரும்போக நெல் வயலிலேயே போனது. பசிபிக் கடலில் அப்போது வலுவான லா நினா. எல் நினோ ஆண்டுகளில் இலங்கைக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கூடுவதும், லா நினா ஆண்டுகளில் அந்த மாதங்கள் குறைந்து அடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரியில் மழை மிகுவதும் ஆய்வாளர்கள் கண்ட போக்கு. நெல்லின் கணக்கில் முதலாவது தண்ணீர், இரண்டாவது சேதம். அதே மில்லிமீட்டர்தான், மாதம்தான் வேறு. அடுத்த சில ஆண்டுகளிலேயே நேர்மாறாக, 2016இன் இறுதியில் தொடங்கி 2017 வரை நீண்ட வறட்சி, நாற்பதாண்டுகளில் மோசமானது என்று சொல்லப்பட்டது.

நீண்ட ஏட்டிலிருந்து மெதுவான மாற்றங்களும் தெரிகின்றன. இலங்கையின் சராசரி ஆண்டு மழை 1931 முதல் 1960 வரை 2005 மில்லிமீட்டராக இருந்தது. 1961 முதல் 1990 வரை 1861 மில்லிமீட்டர். அந்த இரண்டாவது முப்பதாண்டில் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை வீதம் ஏறியது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். முப்பதாண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அரைப் பாகை. இவ்வளவு சிறிய நகர்வைப் பிடிக்க வேண்டுமானால் பெட்டியின் நிழல் மாறக் கூடாது, படிக்கும் நேரம் மாறக் கூடாது, பக்கத்தில் புதிதாகக் கட்டடம் எழும்பக் கூடாது. எட்டரை மணியின் பிடிவாதத்துக்கு அர்த்தம் இதுதான்.

கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை சாய்த்தது. நாவலடியில் ஊரே போனது. அது மழைமானியால் முன்னறிய முடிந்த ஆபத்து இல்லை. ஆனால் வயதானவர்களோடு பேசினால் ஆழிப்பேரலைக்கு முன்னால் அவர்கள் இன்னொரு தேதியைச் சொல்கிறார்கள்: 1978 நவம்பர் 23. அன்றிரவு மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. இங்குள்ளவர்கள் அதை மட்டக்களப்புச் சூறாவளி என்கிறார்கள். எங்கள் பக்கம் அதற்கு வேறு பெயர். தீவைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கிய அதே புயல்தான் மறுநாள் 24ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைப் பக்கம் கரையேறியது. இரண்டு கரைக்கும் ஒரே புயல். இடையில் ஒரு நாள்.

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்தில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. 'யாழ் நூல்' எழுதியவர் என்றே தமிழ்நாட்டில் அவரை அறிவோம். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரியும்கூட. சிவானந்த வித்தியாலயம் 1929இல் தொடங்கிய பள்ளி. இதே கல்லடியில் அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும், கொஞ்சம் வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லாத ஊர். பள்ளியில் ஒரு மழைமானி வைக்க ஆகும் செலவு சொற்பம். வேண்டியது தினமும் காலையில் போய்ப் பார்க்கும் ஒரு பிள்ளையும், விடுமுறையிலும் அந்த வேலையை விடாத ஓர் ஆசிரியரும்.

வறட்சி நிவாரணம், வெள்ள நிவாரணம் என்று அரசாங்கங்கள் முடிவெடுக்கும்போது எங்கள் ஊரிலும் ஆண்டு மொத்தத்தையும் மாத இயல்பையும்தான் மேசையில் வைக்கிறார்கள். இயல்பைவிட 10 சதவீதம் கூடுதல் என்று அறிக்கை வந்த ஆண்டிலும் மிளகாய் கருகியதைப் பார்த்திருக்கிறேன். உன்னிச்சை விதானையார் சொன்ன மூன்றையும் மொத்தத்துக்கு முன்னால் எழுதச் சொன்னால் போதும்: முதல் நல்ல மழை விழுந்த நாள், நடுவில் வானம் திறக்காத நாட்கள், கடைசியாகக் கொட்டிய நாள். மூன்றும் ஏற்கெனவே ஏட்டில் இருப்பவைதான். எடுத்து எழுதும் வேலைதான் பாக்கி. பாம்பன் ஏட்டையும் மட்டக்களப்பு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த வேலையைச் செய்ய இரு கரையிலும் ஆளுக்கொரு மாணவர் முன்வரலாம். 1978 நவம்பரின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் எழுதவும் நிறைய இருக்கும், ஒப்பிடவும் நிறைய இருக்கும்.